முதலில் எது: கவிதைத் தொகுப்பா, மாயக்கதையா?

மல்லாவி வாசகர் கேட்டது | 2024 மே 6

எனக்கு வயது 26. நாற்பதுக்கு மேற்பட்ட கவிதைகளும், வவுனிக்குளத்தின் அடியில் இன்னோர் ஊர் உயிரோடு இருப்பதாகக் கற்பனை செய்து எழுதிய 300 பக்க மாயக்கதை ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் அச்சிடப் பணம் இல்லை. கேட்ட எல்லோரும் ‘முதலில் கவிதைத் தொகுப்பைப் போடு, பெயர் வந்த பிறகு கதையைப் பார்க்கலாம்’ என்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினும் கவிதையில் தொடங்கித்தான் மிகைபுனைவுக்கு, அதாவது மாயக்கதைக்கு, வந்தார் என்று ஒருவர் எடுத்துக்காட்டும் சொன்னார். இது சரியான வழிதானா?

2024 மே 6, இரவு

சரியான வழிதான். லெ குவினுடைய முதற்கவிதை 1959 இல் அச்சில் வந்தது. முதற் சிறுகதை 1962 இல் ‘ஃபன்டாஸ்டிக்’ என்ற சஞ்சிகையில் வந்தது. எர்த்சீ என்ற மாயக்கதை வரிசையின் முதல் நாவல் 1968 இல் வந்தது. கவிதை, சிறுகதை, நாவல் என்று படிப்படியாக ஏறியிருக்கிறார். ஆகவே கவிதைகளைத் தொகுத்துவிடுங்கள், தம்பி. கதைக்கு அவசரமில்லை.

2024 மே 7

நேற்று எழுதியதில் பிழை இருக்கிறது. 1962 இல் வந்த ‘ஏப்ரல் இன் பாரிஸ்’ அவருடைய முதற் சிறுகதை அன்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே ‘ஆன் டீ மூசிக்’ என்ற கதை ஒரு காலாண்டிதழில் வெளிவந்துவிட்டது. ‘ஏப்ரல் இன் பாரிஸ்’ பற்றி அவரே பிற்காலத்தில் தம்முடைய தொகுப்பொன்றில் குறிப்பிட்டிருக்கிறார்: பணம் கிடைத்ததில் அது முதலாவது, அச்சேறியதில் இரண்டாவது, எழுதியதில் முப்பதாவதாகவோ நாற்பதாவதாகவோ இருக்கலாம். ஒரே கதைக்கு மூன்று இலக்கங்கள். 11 வயதில் ஒரு விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகைக்குக் கதை அனுப்பி அது திரும்பி வந்ததையும் சேர்த்தால், வரிசை இன்னொரு முறை குலையும். ‘முதற்படைப்பு’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்த வரிசையில் முதல் என்று யாரும் கேட்பதில்லை. நானும் நேற்றிரவு கேட்கவில்லை.

2024 மே 9

இரண்டு நாளாக யோசித்ததில், என் முதற் குறிப்பின் அறிவுரையே தவறு என்று தோன்றுகிறது. அதை விளக்குவதற்கு என் தொழிலைச் சொல்ல வேண்டும்.

கிளிநொச்சியில் தட்டச்சும் போட்டோப்பிரதியும் பக்க வடிவமைப்பும் செய்யும் சிறு கடையொன்றை நடத்துகிறேன். பிள்ளைகளின் கட்டுரை, விண்ணப்பப் படிவம், இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டு என்று வருபவற்றுக்கு நடுவில் ஆண்டுக்கு ஐந்தாறு நூல்களும் வரும். இந்த 14 ஆண்டுகளில் நான் பக்கம் கட்டிய நூல்களில் பெரும்பகுதி அவற்றை எழுதியவர்களின் முதல் நூல். அவற்றிலும் பெரும்பகுதி கவிதைத் தொகுப்பு. ‘கவிதை எங்கள் இரத்தத்தில் ஊறியது’ என்று வெளியீட்டு விழாக்களில் சொல்வார்கள். நான் பார்த்த காரணம் வேறு. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு மடிப்பு. ஒரு கவிதைத் தொகுப்பு 48 பக்கத்தில், மூன்று மடிப்பில் முடிந்துவிடும். அதிலும் பாதி இடம் வெள்ளையாகவே கிடக்கும். 300 பக்கக் கதைக்கு 19 மடிப்பு வேண்டும். ஆசிரியச் சம்பளத்திலும், சீட்டு எடுத்த காசிலும், கனடாவிலிருக்கும் தமையன் அனுப்பும் காசிலும் நூல் போடுகிற ஊரில், எந்த இலக்கிய வடிவம் முதலில் வெளிவர வேண்டும் என்பதைக் கடதாசி விலைதான் தீர்மானிக்கிறது. 2022 இல் கடதாசித் தட்டுப்பாடு வந்து தெற்கில் சில நாளிதழ்களே சனிக்கிழமை அச்சை நிறுத்திய வேளையில், என்னிடம் வடிவமைப்பு முடிந்து அச்சுக்குக் காத்திருந்த நாவலொன்றை அதன் ஆசிரியர் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு அதே கையால் 40 பக்கக் கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். அவர் அதற்கு முன் கவிதை எழுதியவர் அல்லர்.

இனி லெ குவினுக்கு வருவோம். அவருடைய முதற்கவிதை 1959 இல் வந்தது என்பது உண்மை. ஆனால் முதற் கவிதைத் தொகுப்பு, ‘வைல்ட் ஏஞ்சல்ஸ்’ என்ற மெல்லிய நூல், 1975 இல்தான் வந்தது. நடுவில் 16 ஆண்டுகள், ஒன்பது நாவல்கள். அந்தத் தொகுப்பில் சேர்ந்த கவிதைகளில் சில, முந்திய ஆண்டுகளில் எழுதப்பட்டவை. கவிதையை ஒவ்வொன்றாக இதழ்களுக்கு அனுப்பினார். நூலாக்குவதற்கு மட்டும் அவசரப்படவில்லை. ‘முதலில் கவிதைத் தொகுப்பைப் போடு’ என்பதற்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொன்னவர் பாதியை மட்டும் படித்திருக்கிறார். நானும் அந்தப் பாதியைத்தான் எடுத்து உங்களுக்குப் பரிமாறினேன்.

2024 மே 12

என் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். சொல்லத்தக்கதாக அதில் அதிகம் இல்லை. ஆனாலும் இடம் பொருந்துகிறது.

என் முதற்கவிதை வெளிவந்தது பாடசாலைக் கையெழுத்துச் சஞ்சிகையில், 1996 இல். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சைச் சிறிது எண்ணெயில் நனைத்து வைத்து, நூல்திரி ஏற்றிய விளக்கில் அதைப் படியெடுத்தோம். பயிற்சிக் கொப்பிகளின் எழுதாத கடைசித் தாள்களைப் பிரித்துத் தைத்த சஞ்சிகை அது. இருந்தது ஒரே பிரதி. அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்ப் படித்தார்கள். என் கவிதையின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘விளங்கவில்லை’ என்று எழுதியிருந்தார். இன்றுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுவே சுருக்கமானது, நேர்மையானதும்கூட.

அச்சில் வந்த முதற்கவிதை 2003 இல், ஒரு பத்திரிகையின் ஞாயிறு இதழில். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்து தபால் ஓரளவு ஓடத் தொடங்கியிருந்த காலம். கடைசி நான்கு வரிகளை வெட்டிவிட்டு அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் போட்டிருந்தார்கள். அந்த நான்கு வரியில்தான் கவிதை இருந்தது என்று பல ஆண்டுகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் மறுபடி வாசித்தபோது, வெட்டப்பட்ட பின்பே அது கொஞ்சம் நிமிர்ந்து நிற்பதாகப் பட்டது. இதை வீட்டிலும் சொல்லவில்லை.

2009 இல் எல்லோருக்கும் போனவை எனக்கும் போயின. கொப்பிகள் இரண்டு அவற்றில் அடங்கும். அதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

2013 இல் என் ஒரேயொரு தொகுப்பு வந்தது. 48 பக்கம், 300 பிரதி. மூன்று மடிப்புக்குச் சரியாக வருவதற்காகக் கடைசி நேரத்தில் இரண்டு கவிதைகள் எழுதிச் சேர்த்தேன். பக்கத்தை நிரப்ப எழுதிய கவிதை எதுவென்று வாசிப்பவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். வெளியீட்டு விழாவில் மங்கல விளக்கேற்றி, வாழ்த்துரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, ஏற்புரை என்று ஆறு பேர் பேசினோம். ஒருவரும் ஒரு கவிதையைக்கூட வாசிக்கவில்லை. ஏற்புரையில் நானும் வாசிக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் அத்தனை நீளம். முதற்பிரதியை வாங்கியவர் உறைக்குள் வைத்துத் தந்த காசும், மற்ற உறைகளில் இருந்த காசும் அச்சுச் செலவில் பாதியைத் தாண்டவில்லை.

2024 மே 13

மிச்சப் பிரதிகள் எங்கே என்று கேட்பவருக்கு: கட்டிலுக்குக் கீழே 140 இருந்தன. கறையான்கள் முதற் கட்டைப் படித்து முடித்துவிட்டன. இரண்டாவது கட்டை இன்னும் தொடவில்லை. முதலாவதே போதும் என்று நினைத்திருக்கலாம்.

2024 மே 21

மல்லாவித் தம்பி எழுதிய மறுமொழியை இப்போதுதான் கண்டேன். அவருடைய சங்கடம் இதுதான்: ‘கவிதைகள் இடப்பெயர்வையும் அம்மாவையும் பற்றியவை, கதை குளத்தடி ஊரைப் பற்றியது, இரண்டையும் ஒரே ஆள் எழுதியதாகவே தெரியாது, கவிதை வாசகரைக் கதைக்குக் கூட்டிவருவது எப்படி?’

இதற்குப் பதில் தேடியபோது, என் முதற் குறிப்பு முழுவதையும் சாய்த்துவிடும் ஒன்றைக் கண்டேன். உண்மையில் அது எனக்குத் தெரிந்ததுதான். கண்முன்னால் இருந்தும் கவனிக்கவில்லை. 1959 இல் அச்சேறிய அந்த முதற்கவிதையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘மொன்டாய்னா மாகாணத்து நாட்டார் பாடல்’ என்று வரும். மொன்டாய்னா என்று உலகப் படத்தில் ஓரிடமும் இல்லை. லெ குவின் தம் இளமையில் ஐரோப்பாவின் நடுவே ஓர்சினியா என்றொரு நாட்டைக் கற்பனை செய்திருந்தார். மொன்டாய்னா அதன் ஒரு மாகாணம். இல்லாத நாட்டின் ஒரு மாகாணத்து மக்கள் பாடுவதாக ஒரு பாட்டைக் கட்டியிருக்கிறார். 1961 இல் வந்த முதற் சிறுகதையும் அதே நாட்டில்தான் நடக்கிறது. 1951 க்கும் 1961 க்கும் இடையில் அந்த நாட்டைக் களமாக வைத்து ஐந்து நாவல்கள் எழுதியிருக்கிறார். ஐந்தையும் பதிப்பாளர்கள் மறுத்துவிட்டார்கள்.

அப்படியானால் அவர் கவிதையில் தொடங்கி மிகைபுனைவுக்கு ‘வந்தார்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. கற்பனை நாட்டைக் கட்டும் வேலை முதற்கவிதைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. நான் போட்ட படிக்கட்டில் முதற்படியும் மூன்றாம் படியும் ஒரே கல்.

ஆகவே, தம்பி, உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி: குளத்தடி ஊரில் இருப்பவர்கள் எதைப் பாடுவார்கள்? அங்கே சூடடிக்கும்போது பாட்டுண்டா? உண்டென்றால் அதை ஏன் இன்னும் எழுதவில்லை?

2024 யூன் 2

மே 21 ஆம் திகதிக் குறிப்பை எழுதியபின் மனம் அந்த நாட்டார் பாடலிலேயே நின்றுவிட்டது. லெ குவின் அதை இல்லாத மாகாணம் ஒன்றுக்காக உட்கார்ந்து இட்டுக்கட்ட வேண்டியிருந்தது. வன்னியில் அதற்குத் தேவையே இல்லை. நெல் அரிவு வெட்டும்போது பாடிய குருவிப் பள்ளும் பன்றிப் பள்ளும் இருக்கின்றன. வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை, ஆண்கள் அஞ்சிய யானையைத் தனியே போய்ப் பிடித்துக் கட்டிய கதை ஒப்பாரியாகவே இருக்கிறது. வீரக்கதை, மாயம், கவிதை மூன்றும் ஒரே பாடலுக்குள் கிடக்க, அதைப் பாடிய கிழவிக்கு இதில் எதை முதலில் வெளியிடுவது என்ற குழப்பம் வந்திருக்காது.

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வைகாசியிலும் பொங்கலுக்குப் போய் வந்தேன். அந்தச் சனத்துக்குள் நின்றபடிதான் இதை யோசித்தேன். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி நந்திக்கடல் ஓரத்தில் ஒரு கிழவியாக, மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் பசிக்கிறது என்கிறாள். அவர்கள் புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். இருட்டுகிறது. விளக்குக்கு எண்ணெய் இல்லை என்கிறார்கள். கடல்நீரை ஊற்றி ஏற்றுங்கள் என்கிறாள்; எரிகிறது. பிறகு தலை கடிக்கிறது, பாருங்கள் என்கிறாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுவதும் ஆயிரம் கண்கள். சிறுவர்கள் திகைத்து நிற்கையிலேயே கிழவியைக் காணவில்லை. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீர் விளக்கை ஏற்றுகிறார்கள்.

உலகில் எந்த மிகைபுனைவு எழுத்தாளரும் இந்தத் தலைக்கு ஆசைப்படுவார். பேன் பார்ப்பதைப் போல அன்றாடமான ஒரு செயலை வைத்துக்கொண்டு, அதற்குள் ஆயிரம் கண்ணை ஒளித்து வைத்திருக்கிறது கதை. நான் ஜாம் போத்தல் விளக்கில் கவிதை படியெடுத்த காலத்தில் அம்மம்மா சொல்லுவா, ‘அந்தப் பொடியளுக்கு வாய்ச்ச கிழவி எங்களுக்கும் வந்தால் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிக்கத் தேவையில்லை’ என்று. அப்போது அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அதை எழுதத் தோன்றவில்லை. எழுதினால் கவிதையாக எழுத வேண்டும், கவிதையென்றால் விளங்காமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் சஞ்சிகையின் அப்போதைய கொள்கை.

2024 யூன் 3

‘இது பக்தி, மாயக்கதையோடு சேர்க்காதீர்கள்’ என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். ஏற்கிறேன். நான் கும்பிடப் போனவன். அங்கே புனைகதைப் பயிற்சி வகுப்பு நடந்ததாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் சொன்ன விதத்தில், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற தேர்ச்சி இருந்தது. அந்தத் தேர்ச்சியைப் பற்றித்தான் பேசினேன்.

2024 யூன் 16

300 பக்கத்தை என்ன செய்வது என்பதற்கு வருவோம். கேள்வியின் அந்தப் பகுதியை ஒரு மாதமாகத் தவிர்த்து வந்திருக்கிறேன்.

எர்த்சீயின் முதல் நாவல் 1968 இல் திடீரென்று முளைக்கவில்லை. 1964 இல், சனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக, இரண்டு சிறுகதைகள் அதே ஃபன்டாஸ்டிக் சஞ்சிகையில் வந்தன. தீவுகள் நிறைந்த கடலும், ஒன்றின் மெய்ப்பெயரை அறிந்தவனுக்கே அதன்மீது மந்திரம் பலிக்கும் என்ற விதியும் அவற்றிலேயே தலைகாட்டிவிட்டன. மூன்று ஆண்டு கழித்து, பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள் போட்டுவந்த பர்னாசஸ் என்ற சிறு பதிப்பகத்தின் உரிமையாளர், வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதித் தருமாறும், எதைப் பற்றியும் எழுதலாம் என்றும் கேட்டார். அப்போது லெ குவின் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, தீவுகளின் வரைபடத்தைத் தம் கையாலேயே வரைந்தது. நூல் வெளிவந்தபோது அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

1966 இல் வந்த அவருடைய முதல் நாவலான ‘ரொக்கனன்ஸ் வேர்ல்ட்’ கதையும் இப்படித்தான். அதன் முன்னுரையாக நிற்கும் பகுதி, 1964 இல் இன்னொரு சஞ்சிகையில் தனிச் சிறுகதையாக வந்தது. ஆக, இரண்டு தடவையும் சிறுகதைதான் நாவலுக்கு விதைநெல். உங்கள் கதையின் மூன்றாம் அத்தியாயத்தில், குளத்தின் மிகைநீர் வழியும் வான்கட்டில் இரவுக் காவலுக்கு நின்ற கிழவர் தண்ணீருக்கடியில் சேவல் கூவுவதைக் கேட்கும் இடம் ஆறு பக்கம் வருகிறது. அதை மட்டும் வெட்டி எடுத்து, முன்பின் தெரியாதவருக்கும் விளங்கும்படி செய்து, ஓர் இதழுக்கு அனுப்புங்கள். 19 மடிப்புக்குக் காசு தேட வேண்டியதில்லை. இரண்டு தபால் முத்திரை போதும்.

இந்த ‘ரொக்கனன்ஸ் வேர்ல்ட்’ அச்சான விதம் என் தொழிற்கண்ணுக்கு விருந்து. அதை வெளியிட்ட ஏஸ் நிறுவனம் இரண்டு ஆசிரியர்களின் இரண்டு நாவல்களை முதுகோடு முதுகாகச் சேர்த்து ஒரே நூலாகக் கட்டுவதை வழக்கமாக வைத்திருந்தது. ஒரு பக்கம் ஓர் அட்டை. நூலைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றக் கதையின் அட்டை. பின்னட்டை என்பதே இல்லை. நம்முடைய நூல்களில் பின்னட்டை ஆசிரியரின் படத்துக்கும் பட்டங்களுக்கும் உரியது என்பதால் இந்த முறை இங்கே எடுபடாது. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: ஒரு பக்கம் 24 பக்கக் கவிதை, திருப்பினால் 24 பக்கக் கதை. மூன்று மடிப்பு. முதலில் எது என்ற கேள்வியை நூலைக் கையில் எடுப்பவர் தீர்த்துக்கொள்ளட்டும். வடிவமைப்புக் கூலியில் கழிவும் தருவேன்.

2024 யூன் 17

புனைபெயர் வைக்கலாமா என்ற பக்கக் கேள்விக்கு: வைக்கலாம். ஆனால் நீங்களாகவே தெரிந்து வையுங்கள். 1969 இல் ‘நைன் லைவ்ஸ்’ என்ற கதையை ஆண்களுக்கான ஒரு சஞ்சிகை எடுத்துக்கொண்டபோது, ஆசிரியர் பெண் என்று தெரியாதபடி முதலெழுத்துகளை மட்டும் போடலாமா என்று கேட்டு, ‘யு. கே. லெ குவின்’ என்றே அச்சிட்டது. மெய்ப்பெயரின் வலிமையைப் பற்றி முந்திய ஆண்டுதான் ஒரு நாவல் எழுதியவர் அவர்.

2024 யூலை 7

கடந்த வாரம் ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதினார். இவ்வளவு நடந்த மண்ணில், நடந்ததை எழுதாமல் மாயக்கதை எழுதுவது தப்பித்தல் என்பது அவருடைய வாதம். இதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் பத்து ஆண்டுகளுக்கு முன் நானே இதை இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு பெண்பிள்ளை. தட்டச்சுக்குக் கொண்டுவந்த கதையில் பாலை மரமொன்று ஊர்விட்டு ஊர் நடந்து போகும். ‘சனம் நடந்ததை எழுதுங்கோ பிள்ளை, மரம் ஏன் நடக்க வேணும்’ என்றேன். அவர் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எதையும் கொண்டுவரவில்லை. அந்த மரம் ஏன் நடந்தது என்று எனக்கு இப்போது விளங்குகிறது. சொல்வதற்கு அவரைக் காணவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தொல்லை இருக்கிறது. வன்னியிலிருந்து யார் எந்த மாயக்கதையை எழுதினாலும், வாசிப்பவர் அதைத் திறவுகோல் போட்டுத் திறக்கப் பார்ப்பார். பாம்பு என்றால் யார், குளம் என்றால் எது, மூழ்கிய ஊர் என்றால் எந்த ஊர் என்று. என் கதையொன்றில் வந்த நரிக்குக்கூட ஒருவர் பதவியும் இயக்கமும் கண்டுபிடித்தார். அது எங்கள் வளவுக்குள் வந்து கோழி பிடித்த நரி. கதைக்குள் பாம்பு முதலில் பாம்பாக இருக்க வேண்டும். அதன் செதில் வெயிலில் மின்ன வேண்டும். கடித்தால் விஷம் ஏற வேண்டும். அதன் பிறகு அது வேறெதுவாகவும் ஆகிக்கொள்ளட்டும். தம்பியின் கதையில் குளத்தடி ஊரின் கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகிறது. எனக்கு அது போதுமாயிருந்தது.

தூரத்துக் களத்தை வைத்து எழுதுவது நம் மரபில் இல்லை என்றும் அந்த நண்பர் சொல்கிறார். ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் பலரும் கொள்ளும் சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885 இல் வந்தது. அதன் நாயகன் உலாவுவது எகிப்திலும் பிற தேசங்களிலும், இலங்கையில் அன்று. நாம் தொடங்கிய இடமே தூரதேசம்.

2024 யூலை 8

நேற்றையதில் ஒன்றைச் சேர்க்க மறந்தேன். லெ குவினுடைய ஓர்சினிய நாவல்களை மறுத்த பதிப்பாளர்கள் சொன்ன குறை, அவை வாசகருக்கு எட்டாதவை என்பது. ‘விளங்கவில்லை’ என்று என் கவிதையின் ஓரத்தில் பென்சிலால் எழுதியவருக்கும் அவர்களுக்கும் அதிக வேறுபாடு இல்லை. என் பென்சில்காரர் சொன்னது சரி என்பது ஒன்றுதான் வேறுபாடு.

2024 ஓகஸ்ட் 4

இத்தனை அறிவுரை சொல்பவர் என்ன எழுதுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2011 க்கும் 2018 க்கும் இடையில் நானும் ஒரு மாயக்கதை எழுதினேன், ஏழு அத்தியாயம். எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், பழைய கணினியில் கிடந்தன. நேற்றுத் திறந்தால் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தது. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தேன். பெரும்பகுதி சரியாக வந்தது. ஆனால் எழுத்துருவுக்குள் நான் அந்தக் காலத்தில் செய்துவைத்த சில கோளாறுகளால், கொம்புகள் இடம் மாறி, என் கதாநாயகியின் பெயர் ஓர் அத்தியாயம் முழுவதும் வாயில் நுழையாத ஏதோ ஒன்றாக ஆகிவிட்டது. ஒருவேளை அதுதான் அவளுடைய மெய்ப்பெயராக இருக்கலாம்.

வாசித்துப் பார்த்தேன். முதலிரு அத்தியாயங்கள் வீண். மூன்றாவதில், தண்ணிமுறிப்புக் காட்டுக்குள் தேனெடுக்கப் போனவர் மரப்பொந்துக்குள்ளிருந்து தன் தகப்பனின் இருமலைக் கேட்கும் இடத்தில், கதை மூச்சுவிடுகிறது. அதற்குள் எட்டு வரிப் பாட்டு ஒன்றும் எழுதிவைத்திருக்கிறேன், எழுதியதையே மறந்துபோயிருந்தேன். 2013 தொகுப்பிலுள்ள எந்தக் கவிதையையும்விட அது நன்றாக இருக்கிறது. பக்கம் நிரப்புவதற்காக அவசரத்தில் இரண்டு கவிதை எழுதிய அதே வாரங்களில், அது வேறொரு கோப்புக்குள் சும்மா கிடந்திருக்கிறது. அதைக் கவிதை என்று நான் எண்ணவில்லை. கதைக்குள் ஒரு கிழவன் பாடுவது என்றே எண்ணினேன்.

2024 ஓகஸ்ட் 6

கோழி பிடித்த நரியின் கதை வெளிவந்ததா என்று கேட்டவருக்கு: இல்லை. நான்கு பேருக்கு வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். நரிக்குப் பதவி கொடுத்தவர் அந்த நால்வரில் ஒருவர்.

2024 செப்டெம்பர் 1

மல்லாவித் தம்பி நேற்றுக் கடைக்கு வந்தார். வான்கட்டுக் காவலர் கதையை ஆறு பக்கத்திலிருந்து நான்கரைப் பக்கத்துக்குச் சுருக்கியிருக்கிறார். குளத்தடி ஊர்ச் சனத்துக்கு அரிவுவெட்டுப் பாட்டு ஒன்றும் கட்டியிருக்கிறார். சந்தம் இரண்டு இடத்தில் இடறியது. நெல்லரியும் கை அசைவோடு பாடிப் பார்க்கச் சொன்னேன். கடைக்குள் நின்று பாடினார். போட்டோப்பிரதிக்கு வந்த ஆசிரியை ஒருவர் சற்றுப் பயந்துபோனார். பாடியபின் ஓர் இடம் தானாகவே சரியாகிவிட்டது. மற்ற இடத்தை இடறலோடேயே விட்டிருக்கிறோம்.

ஒன்றில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. யாரும் திறவுகோல் போடாதிருக்கட்டும் என்று குளத்துக்குப் புதுப்பெயர் ஒன்று வைத்திருந்தார். பாலியாற்றை மறித்துக் கட்டிய குளத்துக்கு வவுனிக்குளம் என்ற பெயர் இருக்கும்போது வேறெதற்கு என்பது என் கட்சி. அரை மணிநேரம் வாதாடினோம். கதையில் அவர் வைத்த பெயரும் பாட்டில் வவுனிக்குளமும் என்று முடிவாயிற்று.

பாட்டையும் கதையையும் ஒரே உறைக்குள் வைத்து, ஓர் இதழுக்குத் தபாலில் போட்டார். முத்திரைக்குக் காசை அவரே கொடுத்தார். என்னைக் கொடுக்க விடவில்லை.

2024 செப்டெம்பர் 20

பதில் வந்ததா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வரவில்லை. அனுப்பி இன்னும் மூன்று கிழமைகூட ஆகவில்லை. தம்பி இதற்கிடையில் நான்காம் அத்தியாயத்தைச் சுருக்கத் தொடங்கியிருக்கிறார். நான் கதாநாயகியின் பெயரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன், 212 இடம்.